முப்பது வாட்டு

கர்ணன் தரவேண்டிய பாக்கி பதினோராயிரத்து நானூத்தி அம்பது ரூபாய். தரவேண்டியது சேக் பரீதுக்கு. கம்பத்தில், மலைக் கணவாய்க்கு ஏறுகிற மெட்டு ரோட்டு ஓரம், வண்டிகளுக்குப் பாட்டு செட்டு மாட்டுகிற கடை அவருடையது. கடைக்குப் பின்னாலேயே வீடு.

கர்ணனுக்கு ஊர் அனுமந்தன்பட்டி. சொந்த ஜீப்பு. விடியுமுன்னே பொம்பளை ஆட்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறுவான். மேலே கேரளத்து ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, அங்கேயே கிடந்து, பொழுது சாயக் கூட்டிக்கொண்டு வருவான். ஆளுக்கு இவ்வளவு என்று தோட்டத்தில் வாடகை கொடுப்பார்கள். ஆள் குறைந்தால் டீசலுக்குக் கூடக் கட்டாது.

எந்த ஜீப்பில் ஏறுவது என்பது பொம்பளைகள் இஷ்டம். நாள் பூராவும் ஏலச்செடித் தூரில் குத்தவைத்துக் காய் எடுக்கிறவர்களுக்கு, போகையில் ஒரு மணி நேரம், வருகையில் ஒரு மணி நேரம் பாட்டுத்தான் கொஞ்சம் ஆறுதல். பாட்டு நல்லா இருக்கிற ஜீப்பு நிறையும். மற்றது காற்று வாங்கும். இன்னொரு ஜீப்புக்காரன் ஒச்சாண்டி புதுச் செட்டு மாட்டினான், கர்ணன் ஜீப்பில் நாலு பேர் குறைந்தார்கள். அதனால்தான் கர்ணனும் சேக் பரீதிடம் வந்தான்.

"மச்சான், மெட்டு ஏறையில கேக்கணும். பஸ்ட் கியர்ல எஞ்சின் போடுற சத்தத்துல பக்கத்துல இருக்கவ பேசுறதே கேக்காது. அதுக்குத் தக்கன போட்டு விடுங்க" என்றான்.

மச்சான் என்று கூப்பிடுவது முருகம்மாள் வழியில் வந்த முறை. கர்ணன் பெண்டாட்டி முருகம்மாள், கல்யாணமாகி வந்த நாளில் இருந்து சேக் பரீதை அண்ணே என்பாள். அவர் பெண்டாட்டி ஆசியாவை மதினி என்பாள். பெருநாளைக்குப் பிரியாணிச் சட்டி அனுமந்தன்பட்டிக்குப் போகும். பொங்கலுக்குக் கரும்பு கம்பத்துக்கு வரும்.

சேக் பரீது ஆக்டிவ் செட்டு போடலாம் என்றார். அது என்ன என்று கர்ணன் கேட்டான்.

"சாதாச் செட்டு கூட்டுக்குடும்பம் மாதிரிய்யா. ஒரே பானை. ஒரு ஒயர்ல எல்லாச் சத்தமும் வரும், நடுவுல ஒரு டப்பா இருந்து, கீச்சுச் சத்தத்த ட்வீட்டருக்கும் அடிச்சத்தத்த பெரிய ஸ்பீக்கருக்கும் பங்கு வைக்கும். ஆக்டிவ்ங்கிறது தனிக்குடித்தனம். பிளேயரே பங்கு பிரிச்சிரும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும், சத்தத்துக்குப் பவர் குடுக்குற ஆம்ப்புல தனி வழி. அவனவனுக்கு அடுப்பு தனி."

"அப்ப சண்ட இருக்காது."

"இருக்காது. ஆனா அவனவன் அடுப்புல எம்புட்டுத் தீ எரியணும்னு பாத்து வைக்கணும்."

அந்தப் பார்த்து வைக்கிற இடத்தில்தான் பிழை. கடையில் அன்றைக்கு ரெண்டு ஆம்ப்பு இருந்தது. ஒன்று வழிக்கு எழுபத்தஞ்சு வாட்டு. இன்னொன்று முப்பது. முப்பது வாட்டு ஆம்ப்பு யாரோ சொல்லிவிட்டு வாங்காமல் போனது, ஒரு வருசமாக அலமாரியில் தூசி தின்றுகொண்டு கிடந்தது. மேலே தார்ப்பாய், பக்கமெல்லாம் திறந்த ஜீப்பு, டீசல் எஞ்சின், மெட்டு ஏற்றம். எழுபத்தஞ்சு வேண்டும் என்று அவருக்குத் தோணத்தான் செய்தது. கை முப்பதுக்குப் போய்விட்டது.

"ட்வீட்டர் சின்னச் சாமான். சின்னச் சாமானுக்குச் சின்னப் பவர் போதும். பெருசக் குடுத்தா கருகிப்போகும்" என்றார்.

மாட்டி முடித்து, எஞ்சினை அணைத்துப்போட்டு, கடை வாசலில் வைத்துப் பாட்டுப் போட்டுக் காட்டினார். தெருவே திரும்பிப் பார்த்தது. பாதி ரூபாய் கொடுத்தான் கர்ணன். மீதி மாசாமாசம் என்று பேச்சு.

ஜீப்பு நிறைந்தது. ஒரு மாசம்தான். அப்புறம் ட்வீட்டர் ரெண்டும் ஊமையாகிவிட்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே கம்பி கருகியிருந்தது. சேக் பரீது சீட்டுக்கு அடியில் இருந்த ஆம்ப்பைப் பார்த்தார். கெயின் என்று ஒரு திருகு, சத்தத்தை எவ்வளவு உள்ளே விடுவது என்று அளவு வைக்கிறது. அது கடைசி வரைக்கும் முறுக்கிக் கிடந்தது.

"யாரு தொட்டது?"

"நாந்தான் மச்சான். ஏத்தத்துல பத்தலைன்னு கொஞ்சூண்டு."

கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் முன்னாலேயே சேக் பரீது பிடி பிடியென்று பிடித்தார். "கியர் போடுற கைக்கு ஸ்க்ரூ டிரைவர் எதுக்குய்யா? நான் வந்து ஒன் ஜீப்புல கிளச்ச முறுக்கவா?" ஒச்சாண்டி சிரித்தான். கர்ணனும் அசடு வழியச் சிரித்தான். தப்பு தன்மேல் என்று ஒத்துக்கொண்டான். புது ட்வீட்டர் ஜோடி பாக்கியில் ஏறியது.

சேக் பரீது திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் சிவப்பு நகப்பாலிஷ் ஒரு சொட்டு வைத்தார். அது அவர் மகள் ஷர்மினுடையது. நகத்தில் பாலிஷ் இருந்தால் தண்ணீர் படாது, தொழுகைக்குக் கைகால் கழுவுகிற ஒளு சேராது என்று ஆசியா பிடுங்கிக் கடையில் போட்டிருந்தாள். திருகைத் தொட்டால் பாலிஷ் உடையும். உடைந்தால் திருடன் யார் என்று தெரியும்.

ரெண்டாம் முறையும் ட்வீட்டர் போனது. அன்றைக்கும் கடையில் ஆள் இருந்தது. சேக் பரீது குனிந்து டார்ச் அடித்தார். பாலிஷ் வைத்தபடியே இருந்தது. ஒரு கீறல் இல்லை.

கர்ணன் வெளியே நின்று சொல்லிக்கொண்டிருந்தான். "குலசாமி சத்தியமா தொடல மச்சான். அங்கிட்டுத் திரும்பிக்கூடப் பாக்கல."

பின்னால் டிரைவர்கள் நின்றார்கள். பாலிஷ் உடையவில்லை என்றால், ஆம்ப்பு பத்தவில்லை என்று அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். முப்பதை ஏன் போட்டாய் என்று கேட்பார்கள். அவர் கட்டைவிரல் நகம் போய் அந்தச் சொட்டைச் சுரண்டியது. சுரண்டிவிட்டுத்தான் என்ன செய்தோம் என்று தெரிந்தது.

"வந்து பாரு. ஒடஞ்சிருக்கு" என்றார்.

கர்ணன் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான். நிமிர்ந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. "தூக்கக் கலக்கத்துல முறுக்கியிருப்பேனோ என்னமோ" என்றான்.

அன்றைக்குச் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பள்ளிவாசலில் ஒளு எடுக்கும்போது சேக் பரீது கட்டைவிரல் நகக்கண்ணில் சிவப்பு ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். தேய்த்தார். போகவில்லை. அதோடு தொழுதார். தொழுகை சேர்ந்ததா என்று யாரிடம் கேட்பது.

*

ஆவணி கடைசி. மேலே மழை வலுத்து, கீழே சாரல். காய் எடுப்பு மும்முரம். அந்த நேரத்தில் ஒரு நாள் சாயங்காலம் முருகம்மாள் கடை வழியாக வராமல் வீட்டு வழியாக வந்தாள். தோட்டத்தில் இருந்து நேராக வந்திருந்தாள். சேலைக்கு மேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டை நனைந்திருந்தது, காலெல்லாம் அட்டை கடித்த தடம். ஆசியா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"மதினி, இதுல ரெண்டாயிரம் இருக்கு. அண்ணன்ட்ட குடுத்துருங்க. மிச்சம் ஞாயித்துக்கெழம வந்துரும்."

"காசுக்கு என்ன அவசரம், ஒக்காரு. டீ போடுறேன்." சொன்னாலும் ஆசியா கை நீட்டி வாங்கிக்கொண்டாள். கடை வாடகை ரெண்டு மாசம் நின்றிருந்தது.

"வெள்ளாட்டுக் குட்டிய வித்தேன் மதினி. கெடாக்குட்டி. கறிக்கடக்காரன் அடிமாட்டு வெலைக்குக் கேட்டான். போகட்டும்னு குடுத்தேன்."

"ஞாயித்துக்கெழம எப்படி வரும்?"

முருகம்மாள் கீரைக் கொத்து ஒன்றை எடுத்து அவளும் உருவ ஆரம்பித்தாள். "வண்டியக் குடுக்குறாக. ஒச்சாண்டிக்கு. பேசி முடிச்சாச்சு, ஞாயித்துக்கெழம பணம். அப்புறம் அவனுக்கே கூலிக்கு ஓட்டுறதா, இல்ல மம்பட்டியத் தூக்கிக்கிட்டு தெராச்சத் தோட்டத்துக்குப் போறதான்னு தெரியல."

"பாட்டுப் பொட்டி போனதுக்கா வண்டிய விப்பாக?"

"பாட்டு போனதால ஆளு போச்சு, அது ஒண்ணு. ஏழு பேரு இப்ப ஒச்சாண்டி வண்டி. ஆனா அது இல்ல மதினி." குரலைத் தாழ்த்தினாள். "அந்த மனுசனுக்கு தன்மேல நம்பிக்க போச்சு. தொடலன்னு அடிச்சுச் சொன்னாக. அண்ணன் காட்டுன பெறகு, தொட்டிருக்கேன், ஞாபகம் இல்லங்கிறாக. செஞ்சது ஞாபகம் இல்லாத ஆளு பதினாறு பேர வச்சு மெட்டு ஓட்டலாமாங்கிறாக. போன வாரம் ஒரு வளைவுல வண்டிய நிப்பாட்டி, இறங்கிப் போயி டயரப் பாத்துட்டு வாராக. எதுக்குன்னா, முன்னாடி பாத்தேனா பாக்கலையான்னு தெரியலையாம். நானும் சும்மா இருந்தேனா. கை சும்மா இருக்காத மனுசனுக்கு வாக்கப்பட்டேன்னு தெனம் நாலு பேரு கேக்கப் பேசினேன். இப்பப் பேசுறதுக்கே பயமா இருக்கு."

கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான். அந்தப் பக்கம் சேக் பரீது சாலிடர் இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஈயம் சொட்டி மேசையில் விழுந்தது.

முருகம்மாள் போன பிறகு அவர் உள்ளே வந்து ஆசியாவிடம் சொன்னார். முப்பது வாட்டைப் போட்டதையும் சொன்னார். சுரண்டியதையும் சொன்னார். ஆசியா கீரையை அலசிக்கொண்டே கேட்டாள்.

"சொல்லாம ஆம்ப்ப மாத்தி விட்டுருங்க. இது புது மாடலு, எரியாதுன்னு சொல்லி. கடைப் பேராவது நிக்கும்."

"நானும் அதத்தான் நெனச்சேன்."

"அப்புறம் என்ன?"

"ஆம்ப்ப மாத்தலாம். அவனுக்கு அவன்மேல இருக்க சந்தேகத்த எத வச்சு மாத்துறது?"

ஆசியா கீரையை வடிகட்டினாள். அப்புறம் அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்த ரெண்டாயிரத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "குட்டி வித்த காசு இந்த வீட்டுல வேணாம். இதக் கொண்டுபோயிக் குடுத்துருங்க. மத்தது உங்க பாடு. சொல்றதுன்னா சொல்லுங்க, சொல்லிட்டு வந்து எங்கிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்காதீக."

*

மறுநாள் ஜீப்பு மெட்டு ரோட்டுக்கு வந்தபோது சேக் பரீது டூல் பையோடும் எழுபத்தஞ்சு வாட்டு ஆம்ப்போடும் நின்றார்.

"எங்க மச்சான்?"

"வண்டி மலை ஏறையில ஒரு தடவ கேட்டுப் பாக்குறேன். இம்புட்டு நாள் பாக்காமப் போனது தப்பு."

கர்ணனுக்கு அவர் கூட வருவது வித்தியாசமாகப் படவில்லை. முன்சீட்டில் இடம் விட்டான். சேக் பரீது டாஷ்போர்டுக்கு மேலே இருந்த செத்த ட்வீட்டர்களைக் கழற்றிக் கொண்டுவந்த ஜோடியை முறுக்கி மாட்டினார். பின்னால் முருகம்மாளோடு ஒன்பது பேர். தூக்குச்சட்டியும் பாலிதீன் தாளுமாக நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பாயே வந்துட்டாக. இன்னைக்காவது பாட்டு கேக்குமா, இல்ல நேத்து மாதிரி போர்வைக்குள்ள இருந்து பாடுவாகளா?" இது சண்முகத்தாய். வாய் ஓயாதவள்.

"ஒனக்குப் பாட்டு எதுக்குக்கா, நீயே ரேடியோதான" என்றாள் ஒருத்தி.

"ரேடியோவுக்குப் பேட்டரி போடணும்டி. எனக்குக் கஞ்சி ஊத்துனாப் போதும்."

வனத்துறை கேட்டைத் தாண்டி ஏற்றம் தொடங்கியது. பஸ்ட் கியர் விழுந்ததும் எஞ்சின் அலறியது. தார்ப்பாய் படபடத்தது. கடை வாசலில் தெருவைத் திரும்பிப் பார்க்க வைத்த பாட்டு, யாரோ பக்கத்து ஊரில் பாடுகிற மாதிரி ஆகிவிட்டது. சேக் பரீது இருபது வருசமாகச் செட்டு மாட்டுகிறார். ஒரு நாளும் மாட்டின வண்டியில் மலை ஏறினதில்லை.

"வைங்கண்ணே சத்தமா" என்று பின்னால் இருந்து கேட்டார்கள். கர்ணன் கை ஸ்டியரிங்கை விட்டு நகரவில்லை.

"வேணாம் மச்சான். என் கை ராசி சரியில்ல."

"இவுக தொட்டா எரியும்ணே. நீங்களே வைங்க" என்றாள் முருகம்மாள். கேலியாகச் சொல்ல நினைத்தாள், கேலியாக வரவில்லை.

சேக் பரீது பிளேயரில் சத்தத்தைக் கூட்டினார். எஞ்சினை மீறிக் கேட்க, கடைசி வரைக்கும் வைக்க வேண்டியிருந்தது. ரெண்டு வளைவுக்குள் பாட்டின் குரல் தகரத்தைக் கீறுகிற மாதிரி ஆனது. ட்வீட்டர் மேல் விரல் வைத்தார். சுட்டது. வார்னிஷ் தீயுற வாடை. திருகை யாரும் முறுக்கவில்லை. யார் முறுக்காவிட்டாலும் இந்த ஏற்றத்தில் இது எரியும். அவர் சத்தத்தைக் குறைத்தார்.

அடுத்த வளைவில் கர்ணன் ஓரம் கட்டினான். இறங்கிப் போய்ப் பின் டயரைப் பார்த்துவிட்டு வந்தான். பொம்பளைகள் தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பழகிவிட்டது போல.

மெட்டில் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் வண்டி நின்றது. மூடுபனி. எதிரில் நிற்கிற ஆளின் கால் தெரிந்தது, தலை தெரியவில்லை. சேக் பரீது கர்ணனைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

"கர்ணா, ஆம்ப்பு பத்தாது. நான் போட்டது முப்பது. இந்த வண்டிக்கு எழுவத்தஞ்சு வேணும். சின்ன எஞ்சின்ல பெரிய லோடு ஏத்தி மெட்டு ஏறுன மாதிரி. நீ மிதிக்க மிதிக்க அது வண்டிய இழுக்காது, கொதிக்கும். அந்தக் கொதி போயி ட்வீட்டரத் தீச்சிருச்சு."

"பவர் கூடுனாத்தான் கருகும்னீக."

"சொன்னேன். பத்தாம மூச்சு முட்டுனாலும் கருகும். அது எனக்குத் தெரியும்."

கர்ணன் டீயை ஊதினான். "சரி, தொழில்ல வர்றதுதான். நானும் ரிவர்ஸ் எடுக்கையில எத்தன வண்டிய இடிச்சிருக்கேன். அப்ப நான் திருகுனதும் சேந்து…"

"மொத தடவ நீ திருகுன. ரெண்டாந் தடவ நீ தொடல."

"பாலிஷு ஒடஞ்சிருந்துச்சே."

"ஒடையல. அப்படியேதான் இருந்துச்சு. நாந்தான் நகத்தால சுரண்டுனேன்."

கர்ணன் டீக் கிளாசைக் கீழே வைத்தான். வைத்த இடம் சரிவு. கிளாஸ் உருண்டு டீ கொட்டியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நான் தொடல."

"தொடல."

"நல்லா ஞாபகம் இருந்துச்சு மச்சான். தொடலன்னு நல்லா ஞாபகம் இருந்துச்சு." குரல் உயரவில்லை. "ராத்திரி பிரேக்க மிதிச்சுப் பாத்துட்டு வந்து படுப்பேன். படுத்தா, பாத்தேனா இல்லையான்னு வரும். மறுபடி எந்திரிப்பேன். ரெண்டு மாசமா இப்படி. கேணயன் ஆயிட்டேன்னு நெனச்சேன். வண்டியக் குடுக்கப் போனேன்."

"தெரியும். அதான் வந்தேன்."

"தெரியலன்னா வந்திருக்க மாட்டீக."

சேக் பரீது உருண்ட கிளாசை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

கர்ணன் ஜீப்பைக் காட்டினான். "கடையில நாலு பேரு முன்னாடி என்னைச் சொன்னீகள்ல. இங்கன இவுக முன்னாடி சொல்லுங்க. இவுகதான் எங்கூட ஏறுறவுக."

சேக் பரீது ஜீப்புக்குப் பின்னால் போய் நின்று சொன்னார். முதலில் வாய்க்குள் சொன்னார். சண்முகத்தாய், "கேக்கலையே, வால்யூமக் கூட்டுங்க" என்றாள், விசயம் தெரியாமல். மறுபடி சொன்னார். ஆம்ப்பைச் சொன்னார், சுரண்டியதைச் சொன்னார். பணம் முழுக்கத் தள்ளுபடி என்றார். ரெண்டாயிரத்தை முருகம்மாளிடம் நீட்டினார்.

சண்முகத்தாய்கூடப் பேசவில்லை. முருகம்மாள் ரூபாயை வாங்கி மடியில் செருகினாள்.

"ரூவாயத் தள்ளிட்டீக. நான் அந்த மனுசனப் பேசுனத யாருண்ணே தள்ளுறது?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் புருசன் பக்கம் திரும்பினாள். "டீ கொட்டிருச்சுல்ல. வேற வாங்கிக் குடிங்க. வெறும் வயித்தோட ஓட்டாதீக."

*

அன்றைக்குப் பூராவும் சேக் பரீது தோட்டத்தில் கிடந்தார். பொம்பளைகள் பாலிதீன் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு ஏலக்காட்டுக்குள் இறங்கினார்கள். தூரில் குத்தவைத்து, காய்ச் சரத்தை நிமிர்த்தி, விளைந்த காயை மட்டும் கிள்ளி வாளியில் போட்டுக்கொண்டு, குத்தவைத்தபடியே நகர்ந்தார்கள். மழை பெய்தது, நின்றது, மரம் பெய்தது. ஷெட்டில் நின்ற ஜீப்பில் அவர் முப்பதைக் கழற்றி எழுபத்தஞ்சை மாட்டினார். தீய்ந்து வாடை வந்த ஜோடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வேறு ஜோடி வைத்தார். எஞ்சினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லி, அளவு வைத்தார். மிதி என்றால் கர்ணன் மிதித்தான். போதும் என்றால் விட்டான். வேறு பேச்சு இல்லை.

திருகின்மேல் எதுவும் வைக்கவில்லை.

மத்தியானம் முருகம்மாள் தன் தூக்குச்சட்டி மூடியில் கஞ்சியும் சுட்ட கருவாடும் வைத்து அவர் பக்கம் தள்ளினாள். சாப்பிட்டார். கணுக்காலில் அட்டை ஏறியிருந்தது. உப்பு வைத்து எடுத்தாலும் ரத்தம் சீக்கிரம் நிற்கவில்லை.

சாயங்காலம் கர்ணன் ஒச்சாண்டிக்குப் போன் போட்டான். "வண்டி குடுக்கல" என்றான். அந்தப் பக்கம் என்னவோ கேட்டது. "ஒண்ணுமில்லடா. நெனப்பு மாறிருச்சு. எரிஞ்சது ஏன்னு பாய்ட்டயே கேட்டுக்க, கடையில இருப்பாக" என்று வைத்துவிட்டான்.

இறங்கும்போது அவனே சத்தத்தைக் கூட்டினான். ஒரு குரல் தனியாக, ஒரு உடுக்கை தனியாக, எல்லாம் தெளிவாக வந்தது. சண்முகத்தாய் தாளம் போட்டாள். கூடவே பாடினவள், வரி தெரியாத இடத்தில் புருசனைத் திட்டி நிரப்பினாள். பதினெட்டு வளைவிலும் கர்ணன் ஓர் இடத்தில்கூட நிறுத்தவில்லை. முருகம்மாள் ஒவ்வொரு வளைவிலும் அவன் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மெட்டு ரோட்டில் கடைக்கு முன்னால் ஜீப்பு நின்றது. சேக் பரீது டூல் பையோடும் பழைய ஆம்ப்போடும் இறங்கினார். கடை வாசலில் ஆசியா நின்றாள். வாங்க, டீ குடிச்சிட்டுப் போங்க என்று சொல்ல வாயெடுத்தவள், கர்ணன் எஞ்சினை அணைக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"கணக்கு முடிஞ்சுச்சு கர்ணா. ஒரு பைசா பாக்கி இல்ல" என்றார் சேக் பரீது.

கர்ணன் தலையை ஆட்டினான். அப்புறம் கையை வெளியே நீட்டினான்.

"போக வர நூத்தி அறுவது, பாய்."

சேக் பரீதுக்கு முதலில் விளங்கவில்லை. வெளியாட்களிடம் வாங்குகிற ஜீப்பு வாடகை அது. சட்டைப் பையில் இருந்து இருநூறு ரூபாய்த் தாளை எடுத்துக் கொடுத்தார். கர்ணன் டாஷ்போர்டுப் பெட்டியைத் துழாவி, ரெண்டு இருபது ரூபாய்த் தாளைப் பிரித்து நீவி, அவர் கையில் வைத்தான். கியர் போட்டான்.